பெருந்தொற்று நாட்களைச் சேர்ந்து எழுதிப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஏப்ரலில் நாங்கள் ஏழு பேர், வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதி வீடியோ காலில் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டத் தொடங்கினோம். இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. அதைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. பதில்கள் என்னுடையவை. எங்கள் ஏழு பேரிலேயே இரண்டு பேர் சில பதில்களை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அதுதான் முடிந்துபோச்சே, இனிமேல் எதற்கு அதைக் கிளறிக்கொண்டு?

அறிவிப்புகளின்படி முடிந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று அவசரநிலை அறிவித்தது, மார்ச் 11 அன்று இது பெருந்தொற்று என்றது, 2023 மே 5 அன்று அவசரநிலையை விலக்கிக்கொண்டது. இந்த மூன்று நாட்களில் ஏதாவது ஒன்றில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் விழிப்பார்கள். அவரவர் பெருந்தொற்று வேறு ஏதோ ஒரு தேதியில்தான் தொடங்கியது. எங்களில் ஒருவருக்கு அது ஆபீஸ் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்த நாள். இன்னொருவருக்கு, அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போன கை பாதியில் நின்ற நாள். முடிந்த தேதியும் அப்படித்தான். எங்களில் ஒருவருக்கு இன்னும் முடியவில்லை. நீடித்த கோவிட் என்கிறார்கள், மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுகிறார்.

கிளறியே ஆக வேண்டும் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் லிஃப்டில் யாராவது இருமினால் எனக்கு இன்றைக்கும் மூச்சு தானாக நின்றுவிடுகிறது. அது எங்கே தொற்றிக்கொண்ட பழக்கம் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இருக்கிறது.

இது டைரி எழுதுவதுதானே? அதற்கு எதற்கு ஒரு கூட்டம்?

டைரி குறுக்குக் கேள்வி கேட்காது. எங்களில் ஒருவர் முதல் மூன்று வாரமும் "வழக்கம்போல வேலை" என்றே எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் இன்னொருவர் சும்மா கேட்டார்: "எந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள்? நாற்காலி எங்கே இருக்கிறது?" கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் சொன்னார், வீட்டில் ஐந்து பேர், கதவைச் சாத்திக்கொள்ள முடிகிற இடம் குளியலறை மட்டும்தான், அங்கே பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் எல்லா மீட்டிங்கும். குழாய் சொட்டுகிற சத்தம் கேட்கக் கூடாதென்று அடியில் துண்டு விரித்து வைத்திருந்தாராம். அதை மறைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. எழுதுகிற அளவுக்கு அது ஒரு விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. தனியாக எழுதியிருந்தால் இன்றுவரை "வழக்கம்போல வேலை"தான்.

ஆய்வுலகில் இதற்குக் கூட்டுத் தன்இனவரைவியல் என்று நாக்கில் புரளாத ஒரு பெயர் உண்டு. ஒரு சமூகத்துக்குள் போய்ப் பார்த்து எழுதுகிறவர்கள், அதே கண்ணால் தங்களையே பார்த்துக்கொள்வது. அதையும் ஒருவராக இல்லாமல் பலராகச் செய்வது. நாங்கள் "வெள்ளிக்கிழமை வாசிப்பு" என்றுதான் சொல்லிக்கொண்டோம். பாதி நாள் அது சனிக்கிழமைதான் நடந்தது.

எனக்கு எழுதவே வராது, பரவாயில்லையா?

பரவாயில்லை. எழுத வருகிறவர்களை வைத்துக்கொண்டுதான் நாங்கள் அதிகம் திண்டாடினோம். அவர்கள் வானத்தையும் மௌனத்தையும் பற்றி எழுதுவார்கள், அன்று காலை கையை எத்தனை முறை கழுவினார்கள் என்பது அதில் இருக்காது. எழுதவே பிடிக்காத ஒருவர் குரல் பதிவு அனுப்பினார். அதுதான் எங்களிடம் இருப்பதிலேயே நல்ல பதிவு. பின்னால் குழந்தை அழுவதும் கதவு தட்டப்படுவதும் அதிலேயே இருக்கின்றன.

எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சும்மா வீட்டில் இருந்தோம், அவ்வளவுதான். இதில் எழுத என்ன இருக்கிறது?

அதிகம் வருகிற கேள்வி இதுதான், எனக்குப் பிடித்ததும் இதுதான். 1665இல் லண்டனில் பிளேக் பரவியபோது சாமுவேல் பீப்ஸ் என்ற அரசு அதிகாரி தினமும் குறிப்பு எழுதினார். சாவு எண்ணிக்கையும் அதில் இருக்கிறது. ஆனால் என்னை உட்கார வைத்தது செப்டம்பர் 3ஆம் தேதிக் குறிப்பு. வாங்கி வைத்து, பயத்தில் போடாமலே இருந்த புது டோப்பாவை அன்று போட்டுக்கொள்கிறார். வாங்கிய சமயத்தில் அந்தப் பகுதியில் பிளேக் இருந்ததாம். பிளேக் ஓய்ந்த பிறகு டோப்பா நாகரிகம் என்ன ஆகுமோ என்றும் யோசிக்கிறார்: செத்தவர்களின் தலையிலிருந்து வெட்டிய முடியாக இருக்குமோ என்ற பயத்தில் இனி யார் வாங்குவார்கள்? சாவு எண்ணிக்கையை வேறு பதிவேடுகளிலும் பார்த்துக்கொள்ளலாம். தலைமுடியைப் பார்த்து ஒருவர் பயந்ததை அவரே எழுதியிருந்தால்தான் உண்டு.

பிரிட்டனில் 1937இல் தொடங்கிய மாஸ் அப்சர்வேஷன் என்ற அமைப்பு இதையே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டது. அந்த வருஷம் மே 12 அன்று மன்னருக்கு முடிசூட்டு விழா. சாதாரண ஜனங்கள் அன்றைக்கு என்ன செய்தார்கள் என்று அவர்களையே எழுதச் சொல்லிக் கேட்டது. 2020 மே 12 அன்றும் அதே மாதிரி நாட்குறிப்பு கேட்டு, ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தன.

ஆகவே "ஒன்றும் நடக்கவில்லை" என்று தோன்றினால் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்க் எங்கே தொங்கியது? சாவி மாட்டுகிற ஆணியிலா, கதவுக் கைப்பிடியிலா? யாருடைய மாஸ்க் எது என்று எப்படி அடையாளம் கண்டீர்கள்? வெளியிலிருந்து வந்த பையை எங்கே வைத்தீர்கள், எத்தனை மணி நேரம்? எந்த வாரத்தில் அதைத் துடைப்பதை விட்டீர்கள்? கடைசிக் கேள்விக்கு எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பயம் வந்த நாளை எல்லோரும் குறித்து வைத்திருந்தோம், அது போன நாளை யாரும் குறிக்கவில்லை.

எத்தனை பேர் வேண்டும்? எவ்வளவு நேரம் ஆகும்?

நான்கிலிருந்து ஏழு பேர். அதற்கு மேல் போனால் வாசித்து முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும். எழுத இருபது நிமிஷம், சேர்ந்து வாசித்துப் பேச ஒன்றரை மணி நேரம். ஒருவருக்கொருவர் ரொம்ப நெருக்கமாக இருக்க வேண்டியதில்லை. பாதிப் பழக்கம் போதும், அப்போதுதான் கேள்வி கேட்கத் தோன்றும்.

ஒருத்தர் வாசித்து முடித்ததும் என்ன சொல்வது? எனக்கு "பாவம்" என்பதைத் தவிர வேறு ஒன்றும் வருவதில்லை.

"பாவம்" கூடப் பரவாயில்லை. அதைவிட ஆபத்தானது "எங்கள் வீட்டிலும் அப்படித்தான்". பாசத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் சொன்ன அடுத்த நொடியே பேச்சு நம் வீட்டுக்குள் வந்துவிடும், வாசித்தவர் தன் பக்கத்தை மடித்து வைத்துவிடுவார். முதல் சில மாதம் நாங்கள் இதைத்தான் செய்தோம். அப்புறம் ஒரு விதி வைத்தோம்: ஒருவர் வாசித்த பிறகு பத்து நிமிஷத்துக்குக் கேள்வி மட்டும். அறிவுரை கிடையாது, சொந்தக் கதை கிடையாது.

கேள்வியிலும் வகை இருக்கிறது. "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் தற்காப்புக்குப் போய்விடுவார்கள், நியாயம் சொல்ல ஆரம்பிப்பார்கள். எங்கே, எப்போது, யார் பக்கத்தில், கையில் என்ன இருந்தது என்று கேட்டால் நினைவு தானாக வருகிறது. மேலே சொன்ன வாளிக் கதை "நாற்காலி எங்கே" என்ற கேள்வியில் வந்தது. "வீட்டில் வேலை செய்வது எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருந்தால் "பழகிவிட்டது" என்று சொல்லியிருப்பார்.

அப்போது எதுவும் எழுதவில்லை. இப்போது ஞாபகத்திலிருந்து எழுதினால் அது நிஜமாக இருக்குமா?

பாதி இருக்கும். எந்தப் பாதி என்பதுதான் சிக்கல். 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களிடம், செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார். இரண்டரை வருஷம் கழித்து அவர்களையே மறுபடி கேட்டார். பலர் முதலில் எழுதியதற்குச் சம்பந்தமில்லாத கதையைச் சொன்னார்கள், அதுவும் அடித்துச் சொன்னார்கள்.

என் கதையையே சொல்கிறேன். முதல் நாளிலிருந்து மாஸ்க் போட்டவன் நான் என்று சத்தியம் பண்ணத் தயாராக இருந்தேன். 2020 ஏப்ரல் கடைசி வாரத்துப் பக்கத்தை எடுத்துப் பார்த்தால், "எதிரே ஒருவர் மாஸ்க் போட்டு வந்தார், சிரிப்பு வந்தது" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. பொது இடங்களில் மக்கள் துணி மாஸ்க் போடுவதை அரசுகள் ஊக்குவிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதே அந்த ஜூன் 5ஆம் தேதிதான். பிறகு வந்த அறிவை முன்னால் கொண்டுபோய் வைத்து, என்னை நானே புத்திசாலியாக்கிக்கொண்டிருக்கிறேன். 1970களிலேயே பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். அமெரிக்க அதிபர் நிக்சனின் சீனப் பயணத்துக்கு முன்னால் என்ன நடக்கும் என்று ஆட்களைக் கணிக்கச் சொல்லி, பயணம் முடிந்த பிறகு அவரவர் கணிப்பை நினைவுகூரச் சொன்னார். நடந்து முடிந்தவற்றைத் தாங்கள் முன்பே கணித்ததாகவே பலருக்கு ஞாபகம்.

அதனால் இப்போது எழுதுகிறவர்கள் போனிலிருந்து தொடங்குங்கள். அந்த மாதத்துப் போட்டோக்கள், பழைய குறுஞ்செய்திகள், பணம் கட்டிய பதிவுகள் எல்லாவற்றிலும் தேதி இருக்கும். முக்கியமாக, வேண்டாமென்று அழிக்க மறந்த போட்டோக்கள். சிரித்து நின்று எடுத்ததைவிட, தெர்மாமீட்டரில் எத்தனை என்று டாக்டருக்கு அனுப்ப எடுத்த மங்கலான படம் நிறையச் சொல்லும். எழுதும்போது "இது போட்டோவைப் பார்த்து எழுதியது", "இது ஞாபகம் மட்டும்" என்று ஓரத்தில் குறித்துவிட்டால் போதும்.

நானும் தம்பியும் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே நாளைத் தனித்தனியாக எழுதினோம். ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை. யார் எழுதியது சரி?

தேதி, நேரம், டாக்டர் சொன்னது மாதிரியான விஷயங்களில் ஒருவர் சரி, ஒருவர் தப்பு. முந்தைய பதிலில் சொன்ன மாதிரி போனை எடுத்துப் பார்த்தால் தீர்ந்துவிடும்.

மற்றதை அப்படித் தீர்க்க வேண்டாம். எங்கள் குழுவிலும் அக்கா தம்பி இருவர் இருந்தார்கள். அவர்கள் அப்பா ஒரு மருத்துவமனையில் பத்து நாள் இருந்தார், யாரையும் உள்ளே விடவில்லை. அக்கா வெளியே காருக்குள் இருந்தார். தம்பி வேறு ஊரில், ஒரு நர்ஸ் பிடித்துக் காட்டிய போன் திரையில் அப்பாவைப் பார்த்தார். தம்பியின் பக்கத்தில் அப்பாவின் முகம் முழுக்க இருக்கிறது, ஆக்ஸிஜன் மாஸ்க் பட்டை பதிந்த தழும்பு வரைக்கும். அக்காவின் பக்கத்தில் அப்பாவே இல்லை. மூன்றாவது மாடி ஜன்னல்களை இடமிருந்து வலமாக எண்ணியது மட்டும் இருக்கிறது. "நீதான் பக்கத்தில் இருந்தாய்" என்று தம்பி இத்தனை நாளும் அக்காமேல் பொறாமையாக இருந்தாராம். அக்காவுக்கு, "நீதான் அவரைப் பார்த்தாய்" என்று. இரண்டு பக்கமும் எதிரெதிரே ஒட்டப்பட்டு அப்படியே இருக்கின்றன. பொதுவான ஒரு கதையாகக் கோக்கலாம் என்று நான்தான் ஒருமுறை சொன்னேன், நல்லவேளை இருவரும் மறுத்துவிட்டார்கள்.

எழுத உட்கார்ந்தாலே அழுகை வருகிறது. தொடரவா, விட்டுவிடவா?

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் நாலு நாள், தினம் 15 நிமிஷம், மனதை உலுக்கிய விஷயத்தை எழுதினார்கள். எழுதிய உடனே அவர்கள் மனநிலை மோசமாகத்தான் ஆனது. அடுத்த மாதங்களில், நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. பிறகு வந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தால் பலன் உண்டு, ஆனால் சிறியது. எழுதினால் ஆறிவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

"நான்" என்று எழுத முடியாதபோது "அவள்" என்று எழுதிப் பாருங்கள். ஜெர்மனியில் ஃப்ரிகா ஹௌக் என்பவரும் அவரோடு இருந்த பெண்களும் 1980களில் வளர்த்த கூட்டு நினைவுப்பணியில் இதுதான் வழக்கம்: ஒரு நிகழ்ச்சி, படர்க்கையில், விளக்கம் சொல்லாமல், விவரங்களோடு. எங்களில் கணவரை இழந்த ஒருவர் ஐந்து மாதம் எதுவும் எழுதவில்லை, வந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். பிறகு எழுதியது இப்படித் தொடங்கியது: "அவள் இரண்டு பல் துலக்கும் பிரஷ்களையும் நனைத்தாள்."

தூக்கம் போய், சாப்பாடு போய், எழுதாத நேரத்திலும் அதே காட்சி ஓடிக்கொண்டிருந்தால் நோட்டை மூடிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். நாலு நண்பர்கள் சேர்ந்து தூக்கக்கூடிய சுமை இல்லை அது.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வருஷங்கள் நிம்மதியாக இருந்தன. இதை அங்கே வாசிக்க முடியுமா?

வாசிக்க வேண்டும், ஆனால் யாருக்குப் பின் வாசிக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களில் ஒருவர், போக்குவரத்தில் போன மூன்று மணி நேரம் திரும்பக் கிடைத்ததையும், மகள் முதலடி வைத்ததை நேரில் பார்த்ததையும் எழுதி, ஏழு வாரம் வாசிக்காமல் மறைத்து வைத்திருந்தார். மேலே சொன்ன, கணவரை இழந்தவர்தான் கடைசியில் அதை வாசிக்க வைத்தார். "உங்களுக்கும் கஷ்டமாக இருந்த மாதிரி என் எதிரில் நடிப்பதுதான் எனக்கு எரிச்சல்" என்றார்.

நான் எழுதினால் என் மனைவியும் மாமியாரும் அதில் வந்துவிடுகிறார்கள். அவர்களைக் கேட்க வேண்டுமா?

குழுவுக்குள் மட்டும் வாசிக்கப் போவதாக இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்து எழுதுங்கள். குழுவைத் தாண்டி வெளியே போவதாக இருந்தால் கேட்டே ஆக வேண்டும். பெயரை மாற்றுவதெல்லாம் இங்கே கண்துடைப்பு: உங்களுக்கு ஒரு மாமியார்தான். எனக்கு இதில் ஒரு தழும்பு உண்டு. என் அண்ணனுக்குத் தொற்று வந்ததை அவரைக் கேட்காமல் எழுதி வெளியே காட்டிவிட்டேன். அவர் அதைத் தன் அலுவலகத்தில் சொல்லியிருக்கவில்லை. எட்டு மாதம் பேசவில்லை.

குழுவில் ஒருவர் தடுப்பூசியே மோசடி என்கிறார். அதையும் "அவருடைய அனுபவம்" என்று விட்டுவிடுவதா?

ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் வந்தது, பயந்தேன் என்பது அனுபவம். ஊசி மோசடி என்பது உலகத்தைப் பற்றிய கூற்று. அதைச் சோதிக்க முடியும், சோதித்திருக்கிறார்கள், அது தப்பு என்று சொல்லலாம். பயத்தைப் பற்றிக் கேள்வி கேளுங்கள், கூற்றை அங்கேயே மறுத்துவிட்டு நகருங்கள்.

நீங்கள் ஏழு பேர் எழுதியதை வைத்துப் பெருந்தொற்றைப் பற்றி என்ன பெரிதாகச் சொல்லிவிட முடியும்?

எத்தனை பேருக்கு என்ன ஆனது என்று ஒன்றும் சொல்ல முடியாது, அதற்குக் கணக்கெடுப்பு வேண்டும். எங்கள் ஏழு பேரில் ஆறு பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிந்தவர்கள். ஏழாவது ஆள் கிடங்கில் சரக்கு ஏற்றி அனுப்புகிற வேலை. "வீடடங்கு" என்ற சொல்லை நாங்கள் ஒரு வருஷம் பயன்படுத்திய பிறகுதான் அவர் சொன்னார், தான் ஒருநாள்கூட வீட்டில் அடங்கியிருக்கவில்லை என்று. நாங்கள் வீட்டில் இருந்தபடி வரவழைத்த பெட்டிகள் அவர் மாதிரி ஆட்களின் கை வழியாகத்தான் வந்தன. நாங்கள் மணிக்கணக்கில் தொடாமல் ஒதுக்கி வைத்த அதே பெட்டிகள்.

அவர் இல்லாமல் இருந்திருந்தால் எங்கள் ஆறு பக்கமும் ஒன்றையொன்று ஆமோதித்துக்கொண்டே போயிருக்கும். இப்படி எழுதுவதில் உள்ள பெரிய ஓட்டை அதுதான். ஆள் சேர்க்கும்போதே, வேலை, வயது, வீட்டில் எத்தனை பேர் என்பதிலாவது வேறுபட்டவர்களைச் சேருங்கள்.

எழுதி முடித்த பக்கங்களை என்ன செய்வது?

போனில் மட்டும் வைக்காதீர்கள், அச்சு எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் எழுதியவரின் அப்போதைய வயதும் இருக்கட்டும். அப்புறம், அந்த நாளில் எல்லோருக்கும் தெரிந்திருந்த சொற்களுக்கு ஓரத்தில் பொருள் எழுதிவிடுங்கள். ஆர்டி-பிசிஆர், ஆக்ஸிமீட்டர், 14 நாள் என்றால் என்ன என்று.

இது தேவையில்லை என்றுதான் நானும் நினைத்தேன். 2020இல் நாலு வயதாக இருந்த என் மகள் சமீபத்தில் என் பக்கங்களை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்குப் பாசிட்டிவ் வந்துவிட்டது" என்ற வரியில் நின்று கேட்டாள்: "பாசிட்டிவ்னா நல்லதுதானே, அப்புறம் ஏன் அழுதீங்க?" பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.